பூண் கட்டிய பீங்கான்: தேவை, அலங்காரம், நினைவு

1. பொருளும் நோக்கமும்

மண்ணால் வனைந்த குடிகலம் ஒன்றின் அடியிலும் விளிம்பிலும் பிடியிலும் வெள்ளியையோ பொன்முலாம் பூசிய வெள்ளியையோ பூணாகக் கட்டும் வழக்கம் ஐரோப்பாவில் இடைக்காலத்திலேயே இருந்தது. பரோக் காலம் எனப்படும் 17ஆம் நூற்றாண்டிலும் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும், குறிப்பாக ஜேர்மன் மொழி வழங்கிய நாடுகளில், அது தனியொரு கலையாகவே வளர்ந்தது. பரோக் என்பது அரசவையும் திருச்சபையும் தம் பெருமிதத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்த விரும்பிய காலத்தின் கலைப்பாணி. வளைவும் சுருளும் பொன்னொளியும் நிறைந்த அந்தப் பாணி மாளிகைகளிலும் தேவாலயங்களிலும் மட்டும் நின்றுவிடாமல், மேசைமேல் இருந்த ஒரு குவளைவரை இறங்கி வந்தது. இலண்டன், டிரெஸ்டன், நியூயோர்க் ஆகிய நகரங்களின் பெரிய நூதனசாலைகளில் இத்தகைய குவளைகள் இன்று கண்ணாடிப் பேழைகளுக்குள் பாதுகாக்கப்படுகின்றன.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோர ஊர்களுக்கு இந்தப் பொருள் தொலைவானதாகத் தோன்றலாம். அப்பாத்திரம் பியர் அருந்துவதற்காகச் செய்யப்பட்டது. அதைச் செய்தவரோ வாங்கியவரோ இக்கரையை அறிந்தவர் அல்லர். ஆயினும் மூன்று காரணங்களால் அது இக்கரையினரின் ஆய்வுக்கும் உரிய பொருளாகிறது. அவ்வகைக் கலங்கள் பலவற்றின் வெண்மையான மேற்பூச்சின் நுட்பம் பஸராவின் முஸ்லிம் குயவர்களிடம் பிறந்தது. அவற்றுக்கு முன்மாதிரியாக இருந்த சீனப் பீங்கான் இலங்கையைச் சூழ்ந்த கடல்வழியாகவே மேற்கே சென்றது. பாத்திரத்தில் வெள்ளி சேரலாமா, சேருமாயின் எவ்வளவு சேரலாம், எதற்காகச் சேரலாம் என்னும் வினாவை இக்கரையினர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் என்னும் இஸ்லாமியச் சட்ட மரபின் அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே மிக நுணுக்கமாக ஆராய்ந்துள்ளனர். கலத்தில் ஏறிய பூண், அந்தக் கலத்தைக் கையில் வைத்திருந்தவர் அதனை எவ்வாறு மதித்தார் என்பதற்குச் சாட்சி என்பதும், அச்சாட்சியை வாசிப்பதற்கான சட்டகம் பிக்ஹு எனப்படும் இஸ்லாமியச் சட்ட நூல்களிலேயே உண்டு என்பதும் இச்சொற்பொழிவு நிறுவ முற்படும் கருத்துகளாகும்.

2. ஒரு குவளையின் அமைப்பு

1725ஆம் ஆண்டளவில் சாக்சனி நாட்டின் மைசன் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, தென் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் பூண் கட்டப்பட்ட குவளை வகையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் உடல் நேர் உருளை. ஒரு பக்கத்தில் காது போல வளைந்த பிடி. மேலே கீல் வைத்த மூடி. உடல் வெண்பீங்கான், மற்ற உறுப்புகளில் மூடியும் அடிவளையமும் பொன்முலாம் பூசிய வெள்ளி.

அடியிலிருந்து நோக்கினால் முதலில் தென்படுவது கலத்தின் பாதத்தைச் சுற்றி வரும் வெள்ளி வளையம். பீங்கானோடு உலோகத்தைப் பற்றாசு வைத்து ஒட்ட முடியாது என்பதால், பொற்கொல்லர் வளையத்தின் மேல்விளிம்பைச் சிறு இலைகளாகவோ பற்களாகவோ நறுக்கி, அவற்றை ஒவ்வொன்றாக உடலின்மேல் அழுத்தி மடக்கினார். இடைவெளியைச் சாந்தினால் நிரப்பினார். உலக்கையின் முனை தேயாமலும் பிளவாமலும் இருக்க இரும்புப் பூண் இடுவது போல, மேசைமேல் வைக்கும் ஒவ்வொரு தடவையும் படும் அடியை இவ்வளையம் தாங்கிக்கொண்டது. மண்கலம் முதலில் சிதைவது அதன் பாதத்திலும் விளிம்பிலும்தான் என்பதைப் பயன்படுத்துவோர் அனைவரும் அறிவர்.

பிடியின் மேற்பகுதியை ஒரு வெள்ளிப் பட்டை சுற்றிப் பிடிக்கிறது. அந்தப் பட்டையிலிருந்து கீல் எழுகிறது. கீலின்மேல் சுருளாகவோ உருண்டையாகவோ அமைந்த பெருவிரல் தாங்கி நிற்கிறது. நான்கு விரல்களால் பிடியைப் பற்றி, பெருவிரலால் தாங்கியை அழுத்தியவுடன் மூடி பின்புறமாகத் திறக்கும். மற்றக் கையின் உதவி வேண்டியதில்லை. மூடியின் நடுவில் பல வேளைகளில் ஒரு நாணயமோ பதக்கமோ ஓவியம் தீட்டிய சிறு பீங்கான் தகடோ பதிக்கப்பட்டிருக்கும். குவளையை வாங்கியவரின் குடும்பச் சின்னமும் சில வேளைகளில் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும்.

பொன்முலாம் பூசும் முறையும் கவனிக்கத்தக்கது. பொன்னைப் பாதரசத்தில் கரைத்துக் களிம்பாக்கி, வெள்ளியின்மேல் தடவி, அனலில் காட்டினால் பாதரசம் ஆவியாகி நீங்க, பொன் வெள்ளியோடு பிணைந்து தங்கிவிடும். அந்த ஆவி நஞ்சு. அதைச் சுவாசித்த தொழிலாளரின் உடல்நலம் கெட்டது. அரசவை மேசையின் ஒளிக்குப் பின்னே பட்டறைத் தொழிலாளரின் உடல் தேய்ந்தது என்பதைக் கலை வரலாறு மறக்கலாகாது.

வெள்ளியின் ஓரத்தில் இரண்டு சிறு முத்திரைகள் காணப்படும். ஒன்று பைன் மரத்துக் காய் வடிவம்: அது அவுக்ஸ்பேர்க் நகரின் சின்னம், நகரச் சங்கம் வெள்ளியின் தரத்தைச் சோதித்து ஏற்றதற்கு அடையாளம். பதினாறு பங்கில் பதின்மூன்று பங்கு தூய வெள்ளி, அதாவது ஆயிரத்துக்கு ஏறத்தாழ 812 என்பது அந்நகரின் அளவுகோல். மற்றது பட்டறை உரிமையாளரின் பெயர் எழுத்துகள். மைசன் குவளைகளுக்குப் பூண் கட்டுவதில் பெயர்பெற்ற எலியாஸ் ஆடம் என்பவரின் முத்திரை பல கலங்களில் காணப்படுகிறது. பீங்கானில் எழுதப்படாத செய்தியை இவ்வாறு பூண் எழுதி வைத்திருக்கிறது: எந்த நகரில், எவர் கையில், எந்தத் தரத்தில்.

உடலில் தீட்டப்பட்ட ஓவியங்கள் வேறொரு கதையைச் சொல்கின்றன. நீண்ட அங்கி அணிந்த சீன மாந்தர் குடைகளின் கீழ் அமர்ந்து தேநீர் அருந்துகின்றனர். அவர்களைச் சூழப் பெரிய பறவைகளும் பூச்சிகளும் பறக்கின்றன. காட்சியைச் சுற்றிச் செம்மையும் பொன்னும் கலந்த சுருட்கொடிச் சட்டகம். 1720இல் வியன்னாவிலிருந்து மைசனுக்கு வந்த யோஹான் கிரெகோரியுஸ் ஹெரோல்ட் என்னும் ஓவியரும் அவருடைய பட்டறையும் இந்தப் பாணியை நிலைநிறுத்தினர். ஹெரோல்ட் சீனாவைக் கண்டவர் அல்லர். பயண நூல்களின் அச்சுப் படங்களையும் தம் கற்பனையையும் கொண்டு அவர் தீட்டியது, ஐரோப்பா தன் மனத்தில் வரைந்துகொண்ட கீழைத்தேசமாகும்.

3. வெண்மை வந்த வழி

மண்கலங்களைச் சுடும் வெப்பத்தைக் கொண்டு மூன்று வகையாகப் பிரித்தறியலாம். ஏறத்தாழ 1,000 பாகை செல்சியஸில் சுடப்படும் சாதாரண மட்கலம் நீரை உறிஞ்சும் தன்மையது; அதைத் தடுக்க மேலே கண்ணாடி போன்ற மெருகு பூச வேண்டும். 1,200 பாகைக்கு மேல் சுடப்படும் கற்கலம் கல்லைப் போல இறுகி, மெருகு இன்றியே நீரைத் தாங்கும். வெண்களிமண்ணைக் கொண்டு 1,300 பாகைக்கு மேல் சுடப்படும் பீங்கான் வெண்மையும் உறுதியும் உடையது. மெல்லிய இடத்தில் ஒளியை ஊடுருவவிடுவது. இவற்றுள் மூன்றாவது வகையின் இரகசியத்தைச் சீனர் பல நூற்றாண்டுகள் தம்மிடமே வைத்திருந்தனர்.

9ஆம் நூற்றாண்டில் அப்பாஸிய கிலாபத்தின் துறைமுகமாகிய பஸராவுக்குச் சீன வெண்கலங்கள் வந்து இறங்கியபோது, அங்கிருந்த குயவர்களிடம் வெண்களிமண் இல்லை. அத்தகைய உயர்ந்த வெப்பத்தைத் தரும் சூளையும் இல்லை. அவர்கள் கண்ட வழி வேறு. காரீயம் சேர்ந்த மெருகில் வெள்ளீயத்தின் ஒட்சைட்டைக் கலந்தால் மெருகு ஒளிபுகாத வெண்மையாக மாறும். அதைச் சாதாரண மஞ்சள் நிற மட்கலத்தின்மேல் பூசிச் சுட்டால் உள்ளிருக்கும் மண்ணின் நிறம் முற்றிலும் மறைந்துவிடும். அந்த வெண்தளத்தின்மேல் நீலத்தால் எழுதியும், செம்பும் வெள்ளியும் கலந்த கலவையால் பொன்போல் மினுங்கும் சித்திரம் தீட்டியும் அவர்கள் ஒரு புதுக் கலையையே உண்டாக்கினர். இல்லாத மண்ணுக்காக ஏங்காமல், இருந்த மண்ணைக் கொண்டு விடை கண்ட அறிவுத்திறன் அது.

அந்த நுட்பம் எகிப்து, வட ஆபிரிக்கா வழியாக முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினைச் சேர்ந்தது; மாலகாவிலும் பின்னர் மனிசஸ் ஊரிலும் வேரூன்றி, அங்கிருந்து இத்தாலிக்கும், இத்தாலியரோடு ஒல்லாந்துக்கும் சென்றது. ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரம் இவ்வகை நீல வெண்கலங்களுக்குப் பெயர்பெற்றது; யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில் ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு இட்டதும் இந்நகரின் பெயரே. 1661இல் ஒல்லாந்திலிருந்து குடிபெயர்ந்தோர் ஜேர்மனியின் ஹனாவு நகரில் இத்தகைய தொழிற்சாலையை நிறுவினர். 1666இல் பிராங்பேர்ட்டிலும் ஒன்று தோன்றியது. அங்கு செய்யப்பட்ட வெறுங்கலங்களை நியூரம்பேர்க்கின் வீட்டு ஓவியர்கள், அதாவது தொழிற்சாலையில் சேராமல் தம் வீட்டுப் பட்டறையில் தீட்டி விற்ற கலைஞர்கள், வாங்கிச் சென்று சிறு சூளைகளில் மீண்டும் சுட்டனர். கண்ணாடியில் தீட்டும் கறுப்பு வண்ணத்தைக் கலத்திற்குக் கொண்டுவந்த யோஹான் ஷாப்பர் (1621–1670) அவர்களுள் முன்னோடி. அவ்வாறு தீட்டப்பட்ட கலம் ஒன்று பொற்கொல்லரிடம் சென்று வெள்ளி மூடி பெற்றபோது, பஸராவில் தொடங்கிய பயணத்தின் கடைசிக் கட்டம் நிறைவேறியது.

உண்மையான பீங்கான் ஐரோப்பாவில் பிறந்தது அதற்குப் பின்னரே. பொன் செய்ய வல்லவன் என்று சொல்லிக்கொண்ட யோஹான் பிரீட்ரிக் பெட்கர் என்னும் இளைஞனைச் சாக்சனியின் ஆட்சியாளர் அகுஸ்டஸ் காவலில் வைத்து வேலை வாங்கினார். அறிஞர் சிர்ன்ஹவுஸின் வழிகாட்டலில் பெட்கர் முதலில் செந்நிறக் கற்கலத்தையும், 1708இல் வெண்பீங்கானையும் உருவாக்கினான். 1710இல் மைசன் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பீங்கான்மீது அகுஸ்டஸ் கொண்டிருந்த பேராசைக்கு 1717ஆம் ஆண்டின் ஒரு கொடுக்கல் வாங்கல் போதிய சான்று: பிரஷ்ய மன்னருக்கு 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்து, அவர் 151 சீனக் கலங்களைப் பெற்றுக்கொண்டார். உயிருள்ள மனிதரை உடையும் பொருளுக்கு ஈடாக வைத்த அச்செயல், அக்காலத்து ஆட்சியாளரின் மதிப்பீடு எங்கே சென்று முட்டியது என்பதைக் காட்டுகிறது.

4. வெள்ளி கிழக்கே, பீங்கான் மேற்கே

பூண் கட்டிய பீங்கானில் சேர்ந்திருக்கும் இரண்டு பொருள்களும் உலக வாணிபத்தின் எதிரெதிர்த் திசைகளில் ஓடியவை. 1545இல் தென்னமெரிக்காவின் பொட்டோசி மலையில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், அந்த வெள்ளி ஐரோப்பாவின் வழியாகவும் மணிலாவின் வழியாகவும் ஆசியாவை நோக்கிப் பாய்ந்தது. மிளகு, கறுவா, துணி, பட்டு, பீங்கான் ஆகியவற்றுக்கு ஐரோப்பியர் ஈடாகக் கொடுக்கத்தக்க பொருளாக ஆசியச் சந்தை பெரிதும் ஏற்றது வெள்ளியையே. வெள்ளி கிழக்கே வந்தது. பீங்கான் மேற்கே சென்றது. மேற்கே சென்ற பீங்கானுக்கு அங்கு எஞ்சியிருந்த வெள்ளியே அணியாயிற்று.

இவ்வழியின் நடுவில் இலங்கை இருந்தது. மன்னாருக்கு அருகிலுள்ள மாந்தையில் 1980களில் நடந்த அகழாய்வுகளில் சீனக் கலங்களின் உடைசல்களும் மேற்காசிய இஸ்லாமிய நாடுகளின் மெருகிட்ட கலங்களின் உடைசல்களும் ஒரே தளத்தில் கிடைத்தன. 1998இல் இந்தோனேசியாவின் பெலிடுங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கப்பலில் ஏறத்தாழ 60,000 சீனக் கலங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றில் பொறித்திருந்த ஆண்டு 826க்கு உரியது. அரபுக் கடலோடிகளின் முறையில் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய அந்தக் கப்பல் மேற்காசியாவை நோக்கிச் சென்றிருப்பின், இலங்கைக் கடலைத் தாண்டாமல் போயிருக்க முடியாது. பஸராக் குயவர்களின் கண்ணில் பட்ட வெண்கலங்கள் வந்த பாதை இதுவே.

ஒல்லாந்தரின் காலத்தில் இப்பாதை மேலும் நெருக்கமாக இக்கரையைத் தொட்டது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி நிறுவப்பட்ட 1602ஆம் ஆண்டிலேயே, யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கப்பற்தலைவர் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டி மன்னன் முதலாம் விமலதர்மசூரியனைக் காணச் சென்றார். அடுத்த ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றிய சாந்தா கத்தரீனா என்னும் போர்த்துக்கேயக் கப்பலிலிருந்த ஏறத்தாழ ஒரு இலட்சம் சீனப் பீங்கான் கலங்கள் அம்ஸ்டர்டாமில் ஏலத்தில் விற்கப்பட்டபோது, ஐரோப்பாவின் பீங்கான் மோகம் அரச குடும்பங்களைத் தாண்டி வணிகர் இல்லங்களுக்கும் பரவியது. 1638இல் ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். இன்றைய அம்பாறைக் கரையோரம் 1961இல் தனி மாவட்டமாகும்வரை மட்டக்களப்போடு சேர்ந்தே இருந்தமையால், இக்கோட்டையின் வரலாறு கல்முனையின் வரலாறும் ஆகும்.

போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களை மன்னன் செனரத் 1626இல் ஏற்று, அவர்களுள் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தியதாகப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவைறோஸ் எழுதிய நூல் கூறுகிறது. கடல் வாணிபத்தை அறிந்த ஒரு சமூகம் வயலும் வாவியும் சூழ்ந்த இந்நிலத்தில் தன் வாழ்வை விரித்துக்கொண்டதன் ஒரு கட்டம் இது.

ஐரோப்பியக் கலங்களும் எதிர்த்திசையில் இலங்கைக்கு வந்தன. காலித் துறைமுகத்தில் 1659இல் மூழ்கிய அவொண்ட்ஸ்டர் என்னும் ஒல்லாந்தக் கப்பல் உள்ளிட்ட பல சிதைவுகளைக் கடலடித் தொல்லியலாளர் ஆராய்ந்துள்ளனர். கழுத்தில் தாடி வைத்த முகம் புடைத்திருக்கும் ஜேர்மன் கற்கலச் சாடிகள் அத்துறைமுகத்தின் அடியிலிருந்து கிடைத்துள்ளன. உப்பைச் சூளையில் எறிந்து அதன் ஆவியால் மெருகேற்றப்பட்ட அச்சாடிகள், ஐரோப்பாவில் செல்வர் வீட்டுக்குச் சென்றால் வெள்ளி மூடி பெற்றன. கப்பலில் ஏறியவை வெறும் தக்கையடைப்போடு வந்தன. கலம் ஒன்றே, பூண் மட்டுமே அது சென்ற இடத்தைக் காட்டியது.

5. தேவையும் அலங்காரமும்: பிக்ஹு தரும் சட்டகம்

பொன், வெள்ளிப் பாத்திரங்களில் அருந்துவதையும் உண்பதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. முழுவதும் வெள்ளியாலான கிண்ணத்தைப் பற்றிய தீர்ப்பு இவ்வாறு தெளிவு. மரத்தாலோ மண்ணாலோ ஆன கிண்ணத்தில் சிறிதளவு வெள்ளி சேர்ந்திருந்தால் என்ன என்பதே அறிஞர்களின் ஆழ்ந்த ஆய்வுக்கு உள்ளான வினா. அதற்கு அடிப்படையாக அமைந்தது, அனஸ் (ரலி) அவர்களிடம் இருந்த நபியவர்களின் கிண்ணம் பற்றிய புகாரியின் அறிவிப்பு. மரத்தாலான அக்கிண்ணம் உடைந்தபோது உடைந்த இடம் வெள்ளியால் பிணைக்கப்பட்டது.

ஷாபிஈ மத்ஹபின் பெரும் அறிஞராகிய இமாம் நவவி (1233–1277) தமது மின்ஹாஜ் நூலில் இவ்விடயத்தை இரண்டு அளவைகளால் வகுத்துரைக்கிறார். வெள்ளி ஒட்டு பெரியதா, சிறியதா என்பது முதல் அளவை. அது தேவைக்காகவா, அலங்காரத்துக்காகவா என்பது இரண்டாவது அளவை. பெரியதும் அலங்காரத்துக்கானதுமாயின் ஹராம். சிறியதும் தேவைக்கானதுமாயின் தடையில்லை. சிறியதாயினும் அலங்காரத்துக்கானது, பெரியதாயினும் தேவைக்கானது என்னும் இடைப்பட்ட இரண்டும் அனுமதிக்கப்பட்டவை, ஆயினும் வெறுக்கத்தக்கவை. பொன்னாலான ஒட்டு எவ்வளவாயினும் ஆகாது என்பது நவவியின் முடிவு. பின்வந்த உரையாசிரியர்கள் இதை மேலும் கூர்மையாக்கினர்: பெரிய ஒட்டில் ஒரு பகுதியேனும் அலங்காரத்துக்கானதாயின் அதுவும் முதல் வகையிலேயே சேரும், பெரியது, சிறியது என்பதை மக்களின் வழக்கம் தீர்மானிக்கும், தேவை என்பதற்கு வேறு பொருள் கிடைக்காமை என்று பொருளன்று, உடைந்ததைச் சீர்செய்யும் நோக்கமே போதுமானது.

ஒட்டு உதடு படும் விளிம்பில் இருந்தால் தீர்ப்பு மாறுமா என்றும் அந்நூல்கள் கேட்கின்றன. மாறாது என்பதே ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. வெள்ளி படும் இடத்தில் வாயை வைக்காமல் அருந்தலாம் என்பது ஹனபி மத்ஹபின் நிலைப்பாடு. கலத்தின் உடலோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் வெள்ளி வளையம், சங்கிலி, மூடி ஆகியவற்றைப் பற்றியும் ஷாபிஈ நூல்கள் தனியே பேசுகின்றன. அருந்தும்போது அவை பயன்படுவதில்லை என்பதால் அறிஞர் பலர் அவற்றை அனுமதித்தனர். கீல் வைத்த மூடி கலத்தின் உறுப்பா, அதன் துணைப்பொருளா என்று இன்றைய நூதனசாலைப் பட்டியல்கள் கேட்கும் வினாவின் கரு இதில் உள்ளது.

இங்கு வழங்கப்படுவது மார்க்கத் தீர்ப்பு அன்று. அது உலமாக்களின் பணி. பொருள்களை வாசிப்பதற்கு இப்பகுப்பு எத்துணைக் கூர்மையான கருவியாகிறது என்பதே இங்கு கருதத்தக்கது. மைசன் குவளையின் அடிவளையம் தேவைக்குரியது, கீல் தேவைக்குரியது, மூடி பியரைத் தூசியிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் காப்பதால் அதுவும் பெரும்பகுதி தேவைக்குரியது. மூடியின்மேல் ஏறிய பொன்முலாமும் நடுவில் பதித்த பதக்கமும் அலங்காரம். சாதாரண மக்களின் மட்குவளைகளில் இதே மூடியும் இதே கீலும் வெள்ளீயக் கலவையால் செய்யப்பட்டன. பணி அப்படியே நிறைவேறியது. ஆகவே வெள்ளீயம் செய்த வேலையை வெள்ளி செய்யும்போது, அந்த இரண்டு உலோகங்களின் விலைக்கு இடையிலுள்ள தூரமே அலங்காரத்தின் அளவு. ஐரோப்பியக் கலை வரலாற்றாளர் பாணி, பட்டறை, ஆண்டு என்று பகுத்துக் காட்டும் இக்கலங்களை, தேவையின் எல்லை எங்கே முடிந்து செருக்கின் எல்லை எங்கே தொடங்குகிறது என்று பகுத்துக்காட்டும் அளவுகோல் இந்நூல்களில் இருக்கிறது.

முஸ்லிம் அரசவைகள் இவ்வளவுகோலுக்குள் எப்போதும் அடங்கி நின்றன என்று சொல்வதற்கில்லை. இஸ்தான்புல்லின் டொப்காப்பி அரண்மனையில் உள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான் கலங்களுள் சில, உதுமானியப் பொற்கொல்லரின் கையால் பொன்னும் மாணிக்கமும் பதிக்கப் பெற்றவை. ஈரானின் ஷா அப்பாஸ் 1611இல் அர்தபீல் தர்காவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனக் கலங்களை வக்பாக வழங்கினார். இலங்கையின் கைவினைஞரும் இக்கலையில் பின்தங்கியவர் அல்லர்: கோட்டை அரசன் ஏழாம் புவனேகபாகுவின் தூதுக்குழு 1540களின் தொடக்கத்தில் லிஸ்பனுக்குச் சென்ற காலத்தை ஒட்டிய, பொன்னும் மாணிக்கமும் நீலமும் பதித்த தந்தப் பேழைகள் இன்றும் மியூனிக் அரண்மனைக் கருவூலத்தில் உள்ளன. மண், மரம், தந்தம் என எதுவாயினும், மதித்த பொருளுக்கு உலோகத்தால் பூண் கட்டும் கை உலகெங்கும் இருந்தது.

6. நினைவு என்னும் மூன்றாவது அளவை

அனஸ் (ரலி) அவர்களின் கிண்ணத்தைப் பற்றிய அறிவிப்பில் மற்றொரு செய்தியும் உண்டு. அக்கிண்ணத்தில் இரும்பு வளையம் ஒன்று இருந்தது. அதை நீக்கிப் பொன் வளையமோ வெள்ளி வளையமோ இட அனஸ் அவர்கள் எண்ணினார்கள். நபியவர்கள் செய்து வைத்த எதையும் மாற்ற வேண்டாம் என்று அபூதல்ஹா (ரலி) அவர்கள் சொன்னதும், அந்த எண்ணத்தைக் கைவிட்டார்கள். விலைமதிப்புள்ள உலோகத்தைச் சேர்ப்பதே மரியாதை என்று பரோக் ஐரோப்பா கருதியது. இருந்ததை இருந்தபடி விடுவதே மரியாதை என்று அபூதல்ஹா அவர்கள் கருதினார்கள். தேவை, அலங்காரம் என்னும் இரண்டு அளவைகளோடு நினைவு என்னும் மூன்றாவது அளவையை இச்செய்தி சேர்க்கிறது. இரும்புப் பூணும் வரலாற்றின் பகுதியே. அதை மாற்றினால் கிண்ணம் அழகு பெறலாம், ஆனால் சாட்சியம் குறையும்.

இக்கொள்கையை மறந்ததன் விளைவை ஒரு புகழ்பெற்ற கலத்தின் கதை காட்டுகிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டிச் சீனாவில் செய்யப்பட்ட ஒரு வெண்சாடி, அந்நூற்றாண்டிலேயே ஐரோப்பாவை அடைந்து, ஹங்கேரிய அரச குடும்பத்தின் சின்னங்கள் பொறித்த வெள்ளிப் பூண் கட்டப்பட்டுக் கூசாவாக மாற்றப்பட்டது. ஐரோப்பாவை அடைந்த சீனப் பீங்கான்களுள், வந்த காலம் ஆவணத்தால் உறுதிப்படும் மிகப் பழைய கலங்களுள் அது ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் யாரோ அந்தப் பூணைக் கழற்றிவிட்டனர். பூண் போனதும் சாடி தன் பெயரையே இழந்தது. அடுத்தடுத்த கைகளில் அது வெறும் பழைய சீனச் சாடியாகவே கருதப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் பூணோடு வரையப்பட்ட ஓர் ஓவியம் பாரிஸில் எஞ்சியிருந்தமையால் மட்டுமே அறிஞர்கள் பின்னர் அதை அடையாளம் கண்டனர். இன்று டப்ளின் நகரில் அயர்லாந்துத் தேசிய நூதனசாலையில் இருக்கும் அச்சாடியின் உடலில் மூக்குக்காகத் துளையிட்ட இடத்தை மட்டுமே காண முடிகிறது.

7. கரையோரத்தின் கடமை

இந்த மூன்று அளவைகளும் கல்முனைக் கரையோரத்துக்குத் தரும் படிப்பினை நடைமுறை சார்ந்தது. இக்கரையின் முஸ்லிம் ஊர்களில் குடிமுறை தாய்வழியில் செல்வது. மணமாகும் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். ஆகவே வீட்டோடு சேர்ந்த பீங்கான் கோப்பை, சஹன், சீனச்சாடி, வெற்றிலை வட்டா, படிக்கம், பித்தளைச் செம்பு ஆகியன தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் வாய்ப்பு இங்கு மற்ற இடங்களைவிட அதிகம். ஒரே வீட்டுப் பெண்களின் கைகளில் தலைமுறைகளாகப் பயன்பட்ட கலங்களின் வரலாற்றைத் தொடர்ச்சியாக எழுதுவதற்கு இத்தகைய குடும்ப அமைப்பு அரிய துணையாகும்.

அந்தத் தொடர்ச்சி பெருமளவு அறுந்துபோனதையும் சொல்லியாக வேண்டும். 2004 டிசெம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையில் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களின் கடலோர வீடுகள் வரிசையாக அழிந்தன. அதே அலை காலித் துறைமுகத்திலிருந்த கடலடித் தொல்லியல் பிரிவின் ஆய்வுகூடத்தையும் சிதைத்து, மீட்டெடுத்த பொருள்கள் பலவற்றைக் கடலுக்கே கொண்டுசென்றது. மக்களை இழந்த துயரத்தின் முன் பொருள்களின் இழப்பு சிறிது. ஆயினும் போனவரை நினைக்க எஞ்சியிருக்கும் ஒரு கோப்பையும் இல்லாமற்போன வீடுகளுக்கு, அந்தப் பொருளிழப்பு அத்துயரத்தின் ஒரு பகுதியாகவே இருந்து வருகிறது.

எஞ்சியவற்றைப் பதிவு செய்வது இப்போது இக்கரையில் செய்யக்கூடிய பணி. 1990களின் நடுப்பகுதியில் நிறுவப்பட்டு, ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும், ஊர்ப் பாடசாலைகளின் வரலாற்று ஆசிரியர்களும், பள்ளிவாசல் நிருவாகங்களும் சேர்ந்தால் அது இயலும். காத்தான்குடியில் முஸ்லிம் பாரம்பரிய நூதனசாலை ஒன்று உருவாகியிருப்பது, கிழக்கு முஸ்லிம்களுக்கு இத்தகைய முயற்சி புதிதன்று என்பதற்குச் சான்று. பதிவேட்டில் கலம் ஒவ்வொன்றுக்கும் அளவு, நிறம், அடியிலுள்ள முத்திரை, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்னும் செய்தி ஆகியவற்றோடு, அதில் பூணோ ஒட்டோ கம்பிப் பிணைப்போ இருப்பின் அதற்கென ஒரு தனிப் பத்தியும் இருக்க வேண்டும்: அது எந்த உலோகம், எந்த உறுப்பில் உள்ளது, தேவைக்கா அலங்காரத்துக்கா, எக்காலத்தில் எவர் செய்வித்தார். உடைந்த மூக்கில் தகரம் சுற்றிய கெண்டியும், விரிசலில் கம்பி தைத்த பீங்கானும் குறையுள்ள பொருள்களாக ஒதுக்கப்படலாகாது. புதிதாக வாங்குவதைவிடச் சீர்செய்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு குடும்பம் அப்பொருளை மதித்தது என்பதற்கு அந்தத் தகரமும் கம்பியுமே ஆவணம்.

நூதனசாலைக்குக் கொடுப்பதற்கு முன் அழகுபடுத்தும் எண்ணத்தில் பழைய பிணைப்பை அகற்றுவதும், வெள்ளியின் எடைக்காகப் பூணைக் கழற்றி விற்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. பொற்கொல்லரின் தராசில் ஒரு சிறு வளையத்துக்குக் கிடைக்கும் விலை மிகக் குறைவு. அது கலத்தோடு இருக்கும்போது சொல்லும் வரலாற்றுக்கு வேறு மூலமே இல்லை. அவுக்ஸ்பேர்க்கின் பொற்கொல்லர் முத்திரையிட்டு வைத்தமையால் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் பெயர் சொல்லப்படுகிறது. இக்கரையின் கலங்களைச் சீர்செய்த கொல்லர்களும் அவற்றைக் காத்து மகளிடம் ஒப்படைத்த தாய்மாரும் முத்திரை எதுவும் இட்டுச் செல்லவில்லை. அவர்களை அறிந்த முதியோர் இன்னும் வாழும் காலத்திலேயே அப்பெயர்களைக் கேட்டு எழுதி வைப்பது, இத்தலைமுறை ஆய்வாளரின் முதற்கடமை.